லிஸ்பன் 1755: நகரத்தை மீட்டது பொம்பால் பிரபுவா, எண்பதை நெருங்கிய ஒரு பொறியாளரா?

நெடுவழி எழுதியது:

அழிந்த நகரத்தை நிமிர்த்த இரும்புக்கரம் வேண்டும் என்று யாராவது பேச ஆரம்பித்தால் அடுத்த வரியில் போர்ச்சுக்கல் தலைநகர் லிஸ்பன் வந்துவிடும், கூடவே அந்நாட்டின் அன்றைய அமைச்சர் பொம்பால் பிரபுவும் வந்துவிடுவார். வேறொரு இழையில் இதே வாதம் ஓடி, பாதியில் திசைமாறிப் போனது. அதனால் தனியாகத் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1755 நவம்பர் 1, சனிக்கிழமை. அனைத்துப் புனிதர் திருநாள் என்பதால் கோவில்களில் கூட்டம், பீடங்களில் மெழுகுவத்திகள். காலை ஒன்பதரை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அட்லாண்டிக் கடலுக்கடியில் பெரிய நிலநடுக்கம். இன்றைய கணக்குப்படி அதன் அளவு 8.5க்கும் 9க்கும் இடையில் இருக்கலாம் என்கிறார்கள். இடிபாடுகளுக்குத் தப்பியவர்கள் திறந்தவெளி தேடித் தேஜோ ஆற்றின் கரைக்கு ஓடினார்கள். சிறிது நேரத்தில் ஆற்றுநீர் உள்வாங்கியது, அப்புறம் அலையாகத் திரும்பி வந்தது. அதற்குள் விழுந்த மெழுகுவத்திகளும் அடுப்புகளும் பற்ற வைத்த தீ, ஐந்தாறு நாள் எரிந்தது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் 10,000 முதல் 60,000 வரை பல மதிப்பீடுகள் உண்டு. ரிபெய்ரா அரண்மனை போயிற்று. அதிலிருந்த 70,000 நூல்கள் கொண்ட அரச நூலகமும் டிஷியன், ரூபென்ஸ் ஓவியங்களும் போயின. அந்த வருடம்தான் திறந்திருந்த ஓபரா அரங்கம் சுமார் ஏழு மாதம்தான் நின்றது.

மன்னர் முதலாம் ஜோசே அன்று ஊருக்கு வெளியே பெலேமில் இருந்ததால் பிழைத்தார். ஆனால் மனுஷனுக்குக் கல் கட்டடம் என்றாலே நடுக்கம் வந்துவிட்டது. 1777இல் சாகும்வரை அஜுதா குன்றில் மரத்தாலும் துணியாலும் கட்டிய மாளிகையில்தான் வாழ்ந்தார். ஆட்சியைக் கையில் எடுத்தவர் அமைச்சர் கார்வால்யோ, பிற்காலத்தில் பொம்பால் பிரபு என்று பட்டம் பெற்றவர். ரொம்ப வேகமாகச் செயல்பட்டார். பிணங்களைப் படகில் ஏற்றிக் கடலில் இறக்கச் சொன்னார், அதற்குத் திருச்சபையின் ஒப்புதலையும் வாங்கினார். விலைவாசியைக் கட்டிப்போட்டார், கொள்ளையடித்தவர்களைத் தூக்கிலிட்டார், ஊரைவிட்டு ஓடியவர்களைத் திருப்பி அழைத்தார்.

இதுவரை சரி. என் கேள்வி அடுத்த இருபது வருடத்தைப் பற்றியது. இன்று நாம் பார்க்கும் பைஷா, அதாவது நேர்நேரான தெருக்கள் கொண்ட அந்தத் தாழ்நிலப் பகுதி, ஒரு சர்வாதிகாரி இருந்ததால் உருவானதா?

கட்டுமானி எழுதியது:

நான் கட்டமைப்புப் பொறியாளன். என் ஓட்டு மனுவேல் த மாயாவுக்கு. தலைப்பில் நீங்கள் சொல்லும் கிழவர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

1677இல் பிறந்தவர், நிலநடுக்கத்தின்போது வயது 78. நாட்டின் தலைமைப் பொறியாளர். அதற்கு முன்பே ஒரு காரியத்தில் நிரூபித்துக் காட்டியவர்: லிஸ்பனுக்குக் குடிநீர் கொண்டுவந்த அகுவாஸ் லிவ்ரெஸ் கால்வாய்ப்பாலத் திட்டத்தின் முக்கியப் பொறியாளர்களில் ஒருவர். அல்காந்தரா பள்ளத்தாக்கைத் தாண்டும் இடத்தில் அதன் உயரமான வளைவு 65 மீட்டர். நகரமே விழுந்த நாளில் அந்த வளைவுகள் விழவில்லை! கூர்முனை வளைவுகள், கெட்டியான பாறை அடித்தளம். தீ அணைந்த பின் எஞ்சிய மக்களுக்குத் தண்ணீர் வந்தது என்றால் அதனால்தான்.

நிலநடுக்கம் நடந்து ஐந்து வாரம்கூட ஆகாத டிசம்பர் 4ஆம் தேதி ஓர் அறிக்கையின் முதல் பகுதியைக் கொடுக்கிறார். என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று வரிசையாக அடுக்குகிறார். பழையபடியே கட்டலாம். உயரம் அப்படியே, தெருவை மட்டும் அகலமாக்கலாம். தெருவை அகலமாக்கி மாடிகளைக் குறைக்கலாம். பைஷாவை அடியோடு தரைமட்டமாக்கிப் புதிதாக வரையலாம். கடைசியாக, இந்த இடத்தையே விட்டுவிட்டு பெலேம் பக்கம் புது நகரம் எழுப்பலாம். ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பு எங்கிருந்து வரும், சொத்துக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதையும் யோசித்தே எழுதியிருக்கிறார். லண்டனில் என்ன நடந்தது, டூரின் எப்படி விரிவானது என்றெல்லாம் ஒப்பிடுகிறார்.

இடிபாட்டுப் புழுதி அடங்காத நேரத்தில் இப்படி நிதானமாக எழுத முடிந்தவர்தான் நகரத்தைக் காப்பாற்றியவர் என்பேன். பொம்பால் தேர்ந்தெடுத்தார், அவ்வளவுதான்.

மறுத்துப்பேசி எழுதியது:

> பொம்பால் தேர்ந்தெடுத்தார், அவ்வளவுதான்.

"அவ்வளவுதான்" என்ற சொல்லில் எல்லாவற்றையும் மறைத்துவிட்டீர்களே அண்ணே. அறிக்கை எழுதுவது எளிது, பீரோவுக்குள் தூங்கும் நல்ல அறிக்கைகள் எந்த நாட்டிலும் உண்டு. லண்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1666 செப்டம்பரில் பெருந்தீ, 13,200 வீடுகளும் 87 பங்குக் கோவில்களும் நாசம். தீ அணைந்த ஒரே வாரத்தில், செப்டம்பர் 11ஆம் தேதி, கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் புது நகர வரைபடத்தை மன்னரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். பின்னாலேயே ஜான் ஈவ்லின், ராபர்ட் ஹூக் என்று ஆளுக்கொன்று. எல்லாம் அழகான வரைபடங்கள், ஒன்றும் நடக்கவில்லை. பழைய தெருக்கோட்டிலேயே லண்டன் மறுபடி எழுந்தது. ஏன்? இங்கிலாந்து மன்னரால் சொத்துக்காரனைப் பகைத்துக்கொள்ள முடியாது. போர்ச்சுக்கலில் முடிந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் அந்த அதிகாரம் மட்டும்தான்.

பொம்பால் லண்டனில் தூதராக 1743 வரை இருந்தவர். ரென்னின் வரைபடம் ஏன் காகிதத்தோடு நின்றது என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

நெடுவழி எழுதியது:

நல்ல ஒப்பீடு. ஆனால் அதைக் கடைசிவரை கொண்டுபோனால் உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

லண்டனில் தெரு மாறவில்லை, சரி. ஆனால் 1667இலேயே மறுகட்டுமானச் சட்டம் வந்துவிட்டது. இனிமேல் செங்கல் அல்லது கல்தான், வீடுகள் நான்கு வகை, எந்தத் தெருவில் எத்தனை மாடி, சுவர் எவ்வளவு தடிமன் என்று எல்லாம் எழுதிவைத்தார்கள். எரிந்த வீட்டின் வாடகை யார் பொறுப்பு, கட்டுவது சொந்தக்காரனா குடியிருப்பவனா என்ற தகராறுகளைத் தீர்க்கத் தனியாகத் 'தீ நீதிமன்றம்' அமைத்தார்கள். நீதிபதிகள் சம்பளம் வாங்காமல் உட்கார்ந்து வழக்கு வழக்காக முடித்தார்கள். செலவுக்குத் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி மேல் வரி. ஐந்தாறு வருடத்தில் வீடுகளில் பெரும்பகுதி எழுந்துவிட்டது.

லிஸ்பன்? 1775 ஜூனில் ஆற்றங்கரைப் பெரிய சதுக்கத்தில் மன்னர் சிலையைத் திறக்கும்போது அந்தச் சதுக்கமே முடியவில்லை. நிலநடுக்கம் நடந்து இருபது வருடம் ஆகப்போகிறது! கட்டடம் இல்லாத இடங்களில் மரச்சட்டமும் வண்ணம் பூசிய துணியும் வைத்து மாளிகை முகப்பு மாதிரி காட்டித்தான் விழாவை நடத்தினார்கள். அகுஸ்தா தெரு முனையில் இன்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் அந்த வெற்றி வளைவு முடிந்தது 1873இல். இரும்புக்கரத்தின் வேகம் இதுதானா?

மறுத்துப்பேசி எழுதியது:

எழுந்தது எது என்று பாருங்கள், எவ்வளவு நாளில் என்று மட்டும் பார்க்காதீர்கள். லண்டன் வேகமாகக் கட்டியது பழைய சந்துகளை. லிஸ்பன் மெதுவாகக் கட்டியது புது நகரத்தை.

லிஸ்பன்வாசி எழுதியது:

வணக்கம். இங்கேதான் வேலை பார்க்கிறேன், அலுவலகத்துக்குப் பைஷா வழியாகத்தான் போவது. உள்ளூர்க்காரர்கள் இன்னும் அந்தப் பெரிய சதுக்கத்தைத் டெரெய்ரோ தோ பாசோ என்றே சொல்கிறார்கள். அரண்மனை முற்றம் என்ற பழைய பெயர். பொம்பால் அதை வணிகச் சதுக்கம் என்று மாற்றி இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது.

அந்தப் பெயர் மாற்றத்திலேயே இந்த விவாதத்துக்குப் பாதி விடை இருக்கிறது. அரண்மனை நின்ற இடத்தில் அரண்மனையைத் திரும்பக் கட்டவில்லை. அரசு அலுவலகங்களும் சுங்கமும் பங்குச்சந்தையும் வந்தன. அங்கிருந்து ரோசியோ சதுக்கம் வரை போகும் தெருக்களை ஒவ்வொரு தொழிலுக்காக ஒதுக்கி 1760இல் ஆணை வந்தது: பொற்கொல்லர் தெரு, வெள்ளி வேலைக்காரர் தெரு, செருப்புத் தைப்பவர் தெரு, சேணம் செய்பவர் தெரு. பெயர்ப்பலகைகளில் இன்னும் அப்படியே இருக்கின்றன. முகப்புகளெல்லாம் ஒரே அச்சு: இத்தனை ஜன்னல், இவ்வளவு உயரம், பிரபுவானாலும் வியாபாரியானாலும் வெளியே ஒரே முகம். கோவில்களுக்குக்கூடத் தெருவரிசையைத் தாண்டித் துருத்திக்கொண்டு நிற்க அனுமதி இல்லை. பிரபுக்களுக்கும் பாதிரியார்களுக்கும் சேர்த்து வைத்த செய்தி அது.

பணமும் வியாபாரிகளிடமிருந்துதான் வந்தது. லிஸ்பன் வணிகர்கள் இறக்குமதிச் சுங்கத்தில் கூடுதலாக 4 சதவீதம் தருவதாக முன்வந்தார்கள், அல்லது முன்வரவைக்கப்பட்டார்கள். அதில்தான் பொதுக்கட்டடங்கள் எழுந்தன. லண்டனுக்கு நிலக்கரி, லிஸ்பனுக்குச் சுங்கம். இரண்டு ஊரும் துறைமுகத்தில் கைவைத்துத்தான் கட்டியிருக்கின்றன.

புதுவரவு எழுதியது:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். "செத்தவர்களைப் புதை, இருப்பவர்களுக்குச் சோறு போடு" என்று மன்னர் கேட்டதற்குப் பொம்பால் பதில் சொன்னதாக எங்கும் படிக்கிறேன். அது உண்மையா?

ஏடுதேடி எழுதியது:

நல்ல வசனம், ஆனால் சொன்னவர் யார் என்பதில் சண்டை உண்டு. அலோர்னா பிரபு என்ற வேறொருவர் சொன்னது என்று ஒரு மரபு இருக்கிறது. பிற்காலத்தில் பொம்பாலின் தலையில் சூட்டிவிட்டார்கள் என்று கருதுபவர்கள் பலர். பெரிய மனிதர்களின் வாயில் நல்ல வசனம் போய் ஒட்டிக்கொள்வது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

வசனத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவருடைய கேள்வித்தாள். 1756 தொடக்கத்தில் நாட்டிலுள்ள ஒவ்வொரு பங்குக் கோவிலின் குருவுக்கும் ஒரே மாதிரிக் கேள்விகள் போயின. நடுக்கம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது? எந்தத் திசையிலிருந்து வந்தது போல் இருந்தது? எத்தனை வீடு விழுந்தது, எத்தனை பேர் இறந்தார்கள்? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா, எவ்வளவு? நிலத்தில் பிளவு விழுந்ததா, ஊற்றுகளில் மாற்றம் உண்டா? தீப்பிடித்ததா? இது கடவுளின் தண்டனையா என்று ஒரு கேள்விகூட இல்லை. பதில் சொன்னவர்களோ பாதிரியார்கள்! கைக்கு வந்த அந்தப் பதில்களை வைத்துத்தான் இன்றும் நிலநடுக்க ஆய்வாளர்கள் எந்த ஊரில் எவ்வளவு குலுக்கல் என்று வரைபடம் போடுகிறார்கள். அதே 1756இல் பிரஷ்யாவில் இருந்துகொண்டு தத்துவஞானி கான்ட் நிலநடுக்கம் பற்றி மூன்று கட்டுரை எழுதினார். பூமிக்கடியில் குகைகள், வாயுக்கள் என்று அவருடைய விளக்கம் தவறாக இருந்தாலும், காரணத்தை மண்ணுக்குள்தான் தேடினார்.

மனுவேல் த மாயா பற்றி இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அவர் அரச ஆவணக் காப்பகத்துக்கும் தலைவர். கோட்டையின் கோபுரத்தில் இருந்த காப்பகம் அன்று இடிந்து விழுந்தது. அந்த வயதில் அந்த மனிதர் முன்னின்று ஏடுகளை இடிபாட்டிலிருந்து எடுக்கவைத்து, கோட்டை மைதானத்தில் மரக்கொட்டகை போட்டு அதில் அடுக்கினார். 1757இல் சாவோ பென்தோ மடத்துக்கு மாற்றினார்கள். போர்ச்சுக்கலின் இடைக்கால வரலாறு நம்மிடம் இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் அவர். அரண்மனைப் பக்கம் இருந்தவற்றுக்கு அப்படி ஒருவர் இல்லை. இந்திய வணிகத்தைக் கவனித்த 'காசா த இந்தியா' அலுவலகத்தின் ஆவணங்கள் பெரும்பாலும் அழிந்தன. நம் கடற்கரையிலிருந்து போன மிளகு, முத்து, துணி பற்றிய கணக்குகளில் எவ்வளவு அதில் எரிந்ததோ.

நம் பக்கத்துத் தொடர்பு என்று பேச்சு வந்ததால்: தமிழ்மொழி அச்சேறிய முதல் புத்தகம் 1554இல் லிஸ்பனில்தான் அச்சானது. தமிழும் போர்ச்சுக்கீசியமும் சேர்ந்த மறைபோதகச் சிறுநூல். எழுத்து ரோமன், மொழி தமிழ். தயாரித்த மூவரும் இந்தியாவிலிருந்து போனவர்கள். அதன் பிரதி லிஸ்பனில் தப்பிப் பிழைத்திருக்கிறது.

நெடுவழி எழுதியது:

ஏடுதேடி ஐயா, இந்தத் தகவலுக்கே இழை தொடங்கியது லாபம்.

சொத்து விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மறுத்துப்பேசியின் வாதம் அதில்தான் நிற்கிறது. பொம்பால் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டாரா? இல்லை. 1755 முடிவதற்குள்ளேயே இரண்டு காரியம் நடந்தது. இடிந்த பகுதியின் ஒவ்வொரு தெரு, ஒவ்வொரு மனை யாருடையது, எத்தனை அடி என்று அளந்து பதிவேடு தயாரிக்க உத்தரவு. திட்டம் முடியும்வரை யாரும் இஷ்டத்துக்குக் கட்டக்கூடாது என்று தடை. அளந்த பிறகுதான் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரவினார்கள். 1758 மே 12 சட்டம் வந்தபோது, பழைய மனைக்குரியவனுக்குப் புது வரைபடத்தில் மதிப்புக்கு ஏற்ற மனை. ஐந்து வருடத்துக்குள் கட்ட வேண்டும், முடியாவிட்டால் கட்டத்தெம்புள்ளவனுக்கு விற்றுவிட வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்குப் பட்டது இதுதான்: லண்டனின் தீ நீதிமன்றமும் லிஸ்பனின் மனைப் பதிவேடும் ஒரே வேலையைத்தான் செய்தன. யாருக்கு எது சொந்தம் என்ற சந்தேகத்தை முதலில் தீர்த்தன. லண்டனில் ரென்னின் திட்டம் தோற்றதற்கு மன்னரின் பலவீனம் ஒரு காரணம்தான். யார் யார் நிலம் எங்கே என்று அளந்த முழுக் கணக்கு கையில் இல்லாமல் திட்டம் போட்டது இன்னொரு காரணம். லிஸ்பனில் திட்டத்துக்கு முன்னால் அளவை நடந்தது. அந்த அளவையைச் செய்ய ராணுவப் பொறியாளர்களின் பயிற்சி பெற்ற படை ஏற்கெனவே தயாராக இருந்தது. மாயா, எவுஜேனியோ தோஸ் சாந்தோஸ், ஹங்கேரிக்காரர் கார்லோஸ் மார்தெல் எல்லோரும் அந்தப் படையைச் சேர்ந்தவர்கள்தான். சர்வாதிகாரியைத் தேடிப் பிடிக்கலாம், நில அளவைக்காரர்களை ஒரே மாதத்தில் உருவாக்க முடியாது.

மறுத்துப்பேசி எழுதியது:

விடமாட்டேன். "ஐந்து வருடத்தில் கட்டு, இல்லாவிட்டால் விற்றுவிடு" என்பதை யார் பயப்படாமல் கேட்பார்கள்? வீடு போனவன், கையில் காசில்லாதவன், விதவை, இவர்களெல்லாம் விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியது யார்? பிரேசில் தங்கத்தில் கொழுத்த பெருவணிகர்கள், பொம்பாலின் ஆட்கள். விற்றவன் எதிர்த்துப் பேசாமல் இருந்ததற்குக் காரணம் பதிவேடு இல்லை, தூக்குமரம்.

கணக்குப் பாருங்கள். 1757இல் போர்ட்டோவில் பொம்பால் அமைத்த திராட்சை மது நிறுவனத்துக்கு எதிராகக் கலவரம், தூக்கு. 1758 செப்டம்பரில் மன்னர் மேல் துப்பாக்கிச்சூடு. அதைச் சாக்காக வைத்துத் தாவோரா பிரபுக் குடும்பத்தை 1759 ஜனவரி 13 அன்று பெலேமில் பொதுவெளியில் சித்திரவதை செய்து கொன்றார்கள். குடும்பத்தின் மூத்த பெண்மணியின் தலையை வெட்டினார்கள். அதே வருடம் ஏசுசபையினரை நாட்டைவிட்டே துரத்தினார்கள்.

மலக்ரிதா கதை தெரியுமா? இத்தாலியப் பாதிரியார், ஏசுசபைக்காரர், பிரேசிலில் பல வருடம் ஊழியம் செய்தவர். 1756இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். நிலநடுக்கத்துக்குக் காரணம் இயற்கை இல்லை, லிஸ்பனின் பாவம்தான், கொட்டகை கட்டுவதை விட்டுவிட்டுத் தவம் செய்யுங்கள் என்றார். முட்டாள்தனமான நூல்தான். அதற்கு ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். பிறகு தாவோரா வழக்கில் இழுத்து, சிறையில் மனம் பேதலித்த கிழவரை மதவிசாரணை மன்றத்தின் கையில் கொடுத்து 1761 செப்டம்பர் 21 அன்று ரோசியோ சதுக்கத்தில் கழுத்தை நெரித்து எரித்தார்கள். அந்த மன்றத்தின் தலைமையில் அப்போது பொம்பாலின் சொந்தத் தம்பி! மூடநம்பிக்கையை எதிர்த்த அறிவொளி நாயகர் ஒரு கிழவரை எரித்தார். இந்தப் பயம் இல்லாமல் அந்த நேர்த்தெருக்கள் இல்லை என்பதுதான் என் கட்சி. அவரைப் புகழவில்லை, விலையைச் சொல்கிறேன்.

ஏடுதேடி எழுதியது:

விலை என்று சொன்னால் கடலுக்கு அப்பால் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லிஸ்பன் மறுகட்டுமானத்துக்காகப் பிரேசிலின் பாயியா நகரமும் 'நன்கொடை' என்ற பெயரில் பல ஆண்டுகள் பணம் கட்டியது. சுரங்கத்தில் தங்கம் எடுத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். போர்ச்சுக்கல் மண்ணில் வந்திறங்கும் அடிமைகள் விடுதலை என்று 1761இல் பொம்பால் போட்ட ஆணையைப் புகழ்ந்து எழுதுவார்கள். அது பிரேசிலுக்குப் பொருந்தாது. அங்கே தேவையான உழைப்பு இங்கே வந்து கலையக்கூடாது என்ற கணக்கும் அதில் உண்டு.

இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு லட்சம் பவுண்டு உதவி கொடுத்தது, பாதி பணமாக, மீதி உணவும் கருவிகளுமாக. பெரிய மனசு, சந்தேகமில்லை. லிஸ்பனில் இருந்த ஆங்கில வணிகர்களுடைய சரக்கும் பாக்கிகளும் அதே இடிபாட்டில் கிடந்தன என்பதையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளலாம்.

கட்டுமானி எழுதியது:

அரசியல் போதும், சுவருக்குள் போவோம்.

பைஷா கட்டடங்களின் உள்ளே 'காயோலா' என்ற மரக்கூண்டு இருக்கிறது. செங்குத்துச் சட்டம், கிடைச் சட்டம், நடுவில் பெருக்கல் குறி போட்ட சாய்வுச் சட்டங்கள். அந்தக் கட்டங்களைக் கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு அடைத்து மேலே பூசிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணச் சுவர். பூமி ஆடும்போது வெளிக் கற்சுவர் பெயர்ந்து விழுந்தாலும் உள்ளேயிருக்கும் கூண்டு தரைகளைத் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது கணக்கு. மரம் வளையும், ஆணிகள் நெகிழும், காரை நொறுங்கி ஆற்றலை உறிஞ்சும். மாதிரிக் கூண்டு ஒன்றைச் சதுக்கத்தில் நிறுத்திச் சுற்றிலும் படைவீரர்களைத் தரையதிர நடக்கவைத்துச் சோதித்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, யோசனை சரியானது. காஷ்மீரில் 'தஜ்ஜி' என்று மரச்சட்டத்துக்குள் கல்லை அடைத்துக் கட்டும் வீடுகளும் இதே தத்துவம்தான்.

இதை ஒரு வீட்டுக்கு மட்டும் செய்யவில்லை, ஒரு நகரப்பகுதி முழுவதற்கும் விதியாகவே வைத்தார்கள். சட்டங்களும் ஜன்னல் கற்களும் ஒரே அளவில் வெளியே அறுத்து, செதுக்கிக் கொண்டுவரப்பட்டன. வீட்டுக்கு வீடு நடுவில் கூரையைத் தாண்டி உயரும் தீத்தடுப்புச் சுவர். 1755இல் நடுக்கத்தோடு நெருப்பும் சேர்ந்து கொன்றதை மறக்காமல் செய்தது. கீழே நிலம் ஆற்றுச் சேறு, அதனால் பைன் மரக் கழிகளை நெருக்கமாக அடித்து அதன்மேல் அஸ்திவாரம். நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்வரை அந்த மரம் மக்காது.

பைஷா வரைபடத்தை வரைந்த எவுஜேனியோ தோஸ் சாந்தோஸ் 1760இலேயே இறந்துபோனார். தன் தெருக்களை அவர் முழுதாகப் பார்க்கவே இல்லை.

லிஸ்பன்வாசி எழுதியது:

அந்தக் கழிகளை நேரில் பார்க்கலாம். கொரெயெய்ரோஸ் தெருவில் ஒரு வங்கிக் கட்டடத்துக்கு அடியில் தொல்லியல் கூடம் இருக்கிறது. ரோமானியர் காலத்தில் மீனை உப்பில் ஊறவைத்த தொட்டிகள், அதற்குப் பக்கத்திலேயே 18ஆம் நூற்றாண்டுக் கழிகள். பிராத்தா தெருவுக்கு அடியிலும் ரோமானிய நிலவறைகள் உண்டு, மறுகட்டுமானத்தின்போது 1771இல்தான் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் நிறைந்து கிடக்கும், வருடத்தில் சில நாள் மட்டும் இறைத்துவிட்டுத் திறப்பார்கள்.

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. லிஸ்பன் முழுக்க பைஷா இல்லை. அல்ஃபாமா என்ற பழைய குடியிருப்புப் பகுதி கெட்டியான மேட்டில் இருப்பதால் பெரும்பாலும் தப்பியது. அரபுக்காரர் காலத்துச் சந்துகள் இன்றும் அப்படியே வளைந்து வளைந்து போகின்றன. கோவில்களெல்லாம் விழுந்து, விலைமாதர் தெரு மட்டும் தப்பியது என்று அந்தக் காலத்திலேயே ஒரு நக்கல் ஓடியதாம். மலக்ரிதாவிடம் யாரும் அதற்கு விளக்கம் கேட்டார்களா தெரியாது! கார்மோ மடத்தின் கூரை விழுந்த கோவிலை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள், வளைவுகளுக்கு மேலே வானம்.

1531 ஜனவரியிலும் இந்த ஊர் பெரிய நிலநடுக்கத்தில் சிக்கியது. அப்போது பழையபடியே கட்டிக்கொண்டார்கள். அதுவும் பாடத்தில் சேரவேண்டும்.

மறுத்துப்பேசி எழுதியது:

1531 என் கட்சிக்குத்தான் சாட்சி. அப்போது பொம்பால் இல்லை, பழைய ஊர் திரும்பியது.

நெடுவழி எழுதியது:

1531இல் ராணுவப் பொறியாளர் படையும் இல்லையே. சாட்சியைப் பங்குபோட்டுக்கொள்வோம்.

உங்கள் வாதத்தில் எனக்கு ஒப்புதல் உள்ள இடம்: 1758 சட்டத்தின் ஐந்து வருடக் கெடு பணக்காரனுக்குச் சாதகமானது, எதிர்க்குரல் எழாததற்குப் பயமும் காரணம். ஒப்புதல் இல்லாத இடம்: பயம் கட்டடம் கட்டாது. 1759இல் பிரபுக்களின் தலை உருண்ட பின்பும் பல மனைகள் வருடக்கணக்கில் காலியாகவே கிடந்தன. முதலீடு செய்ய ஆள் வேண்டும், கடன் வேண்டும், வாடகைக்கு வர ஆள் வேண்டும். பிரேசில் தங்கம் குறையத் தொடங்கியதும் வேலை நொண்டியது. அதே சமயம் 1777இல் மன்னர் இறந்து, பொம்பால் வீழ்ந்து, சிறையிலிருந்த நூற்றுக்கணக்கானவர்கள் வெளியே வந்து, சிலைப் பீடத்தில் பதித்திருந்த அவருடைய உருவப்பட்டயத்தைப் பிடுங்கி எறிந்த பிறகும் பைஷா அதே வரைபடத்தில்தான் வளர்ந்தது. அவருடைய எதிரியான அரசி மரியா காலத்திலும் யாரும் கோட்டைத் தாண்டவில்லை. சர்வாதிகாரி போனதும் திட்டம் போகவில்லை, ஏனென்றால் அதற்குள் ஒவ்வொரு மனையும் யாருக்கோ சட்டப்படி சொந்தமாகிவிட்டது.

பட்டயம் 1833இல் திரும்பி வந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

புதுவரவு எழுதியது:

கேட்க ஒன்று பாக்கி. இன்னொரு பெரிய நிலநடுக்கம் வந்தால் அந்தக் கூண்டுகள் தாங்குமா?

கட்டுமானி எழுதியது:

1969 பிப்ரவரியில் அதே கடற்பகுதியில் கிட்டத்தட்ட 8 அளவுக்கு ஒன்று வந்தது. பைஷா நின்றது. ஆனால் 1755 அதைவிடப் பல மடங்கு பெரியது, எனவே அதை வைத்துத் திருப்திப்பட முடியாது.

இந்தக் கூண்டுச் சுவர்களை நாட்டின் சிவில் பொறியியல் ஆய்வகத்தில் பெயர்த்துக் கொண்டுபோய்ச் சோதித்திருக்கிறார்கள். ஆட்டத்தை நன்றாகவே தாங்குகின்றன. சிக்கல் மரத்தில் இல்லை, மனிதர்களிடம். 19ஆம் நூற்றாண்டிலேயே மேலே கூடுதல் மாடி ஏற்றினார்கள். கீழ்த்தளத்தில் கடைக்கு அகலமான முகப்பு வேண்டும் என்று தூண்களை வெட்டினார்கள். குழாய் கொண்டுபோக, அறையைப் பெரிதாக்க என்று சாய்வுச் சட்டங்களை அறுத்தார்கள். அறுத்தது பூச்சுக்குள் மறைந்திருப்பதால், எந்தக் கட்டடத்தில் முழுக்கூண்டு இருக்கிறது, எதில் பாதிதான் என்று சுவரைத் திறக்காமல் சொல்ல முடியாது. ஒட்டிக்கொண்டு நிற்கும் வரிசையில் ஒன்று பலவீனமானால் பக்கத்து வீட்டுக்கும் ஆபத்து.

லிஸ்பன்வாசி எழுதியது:

இப்போது அங்கே பல கட்டடங்கள் விடுதியாக மாறிக்கொண்டிருக்கின்றன. முகப்பை மட்டும் நிறுத்திவிட்டு உள்ளே முழுசாகக் குடைந்து கான்கிரீட் போட்ட இடங்களும் உண்டு. நல்ல பொறியாளர் கிடைத்த சில இடங்களில் பழைய கூண்டைச் சீர்செய்து, வரவேற்பறையில் கண்ணாடி போட்டுக் காட்டுகிறார்கள். காயோலா பார்க்க வேண்டுமென்று யாராவது வந்தால் அப்படி ஓர் இடத்தில் போய்க் காப்பி குடியுங்கள், அருங்காட்சியகத்தைவிடத் தெளிவாகத் தெரியும்.

மறுத்துப்பேசி எழுதியது:

காப்பிக்கு வருகிறேன். 1807இல் அரச குடும்பம் நெப்போலியன் படைக்குப் பயந்து மொத்தமாகக் கப்பலேறி, தலைநகரத்தையே ரியோவுக்குத் தூக்கிக்கொண்டு போன கதைக்கும் யாராவது இழை தொடங்குங்கள். அதில் நான் யார் பக்கம் என்று இப்போதே சொல்லமாட்டேன்.